எட்டி ஆணி

சிங்காரத்தின் கையும் தலையும் பெல்ட்டுக்குள் போன பிறகும் அரவை யந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை நிறுத்துகிற கம்பியின் பக்கத்தில் எத்திராஜுலு மேஸ்திரி நின்றிருந்தான். சற்று முன் சிங்காரத்தின் இடுப்பில் உதைத்தவனும் அவன்தான். எதிர்த்துப் பேசினான் என்று உதைத்தான். யாரோ ஓடிவந்து கம்பியை இழுத்தபோது மாட்டு எலும்புக்கும் சிங்காரத்துக்கும் இருந்த வித்தியாசம் ஈரம் ஒன்றுதான்.

குடித்துவிட்டு வழுக்கி விழுந்தான் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. சிங்காரத்துக்குக் கள் வாசனையே ஆகாது.

எர்ணாவூரில் கால்வாயை ஒட்டி இருந்த எலும்பு மில் அது. சுதந்திரம் வந்த கையோடு வெள்ளைக்காரன் அதை ஒரு சேட்டிடம் விற்றுவிட்டுக் கப்பல் ஏறிவிட்டான். பொன்னேரி, அத்திப்பட்டுப் பக்கத்திலிருந்து செத்த மாட்டின் எலும்பு வண்டி வண்டியாக வரும். கொம்பும் குளம்பும் தனி, தொடை எலும்பு தனி, மிச்சம் அரவைக்கு. தூளைப் படகில் ஏற்றித் துறைமுகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே யார் வேலைக்கு வருவார்கள், அவர்களுக்கு ஏன் வேறெங்கும் வேலை கிடைக்காது என்பதை அந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நாற்றத்துக்குப் பயந்து சேட்டு வாசலோடு திரும்பிவிடுவான். உள்ளே எத்திராஜுலு வைத்ததுதான் சட்டம். பழைய பெல்ட்டிலிருந்து அறுத்த தோல் வார் ஒன்று எப்போதும் அவன் கையில் தொங்கும்.

செத்தவனின் அண்ணன் சிவந்தியும் அதே மில்லில் எலும்பு பிரிக்கிறவன். சிவந்தியின் மனைவி மங்கம்மாவும் பக்கத்துக் கொட்டகையில் கொம்பு பொறுக்கினாள். எலும்புக் குவியலில் வெறும் கையை விட்டால் கூரான எலும்புச் சிம்பு ஏறிச் சீழ் பிடிக்கும். அதனால் ஆண்களுக்கு ஆளுக்கொரு கொக்கி உண்டு. மரப்பிடி போட்ட, முனை தீட்டிய இரும்புக் கொக்கி. தம்பியைப் புதைத்த மறுநாள் சிவந்தி வேலைக்கு வந்து, குவியலைத் தொடாமல், கொக்கியைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தான். கூட வேலை செய்யும் தமீம் பக்கத்தில் வந்து குந்தினான்.

"இன்னா தோஸ்து, இந்தத் தேய் தேய்க்கிற?"

"அவன் கயுத்துல போடப் போறேன்."

"போடு. அப்பால உன் கயுத்துல கவர்மெண்டு போடும். ரெண்டு கயுத்துக்கும் சரியாப் பூடும்."

"அவன் சாவணும் தமீமு."

"சாவட்டும். உன் கை பட்டுத்தான் சாவணுமா?"

அந்தக் கேள்வி சிவந்தியின் மண்டைக்குள் தங்கிவிட்டது. அடுத்த விடுமுறையில் தங்கசாலைத் தெரு நடைபாதையில் ஒரு புத்தகம் வாங்கினான். அஷ்டகர்மப் புத்தகம். வசியத்தில் ஆரம்பித்து, ஆளைக் கொல்லும் மாரணத்தில் முடிகிற மட்டமான அச்சு. இராயபுரத்துப் பாதிரியார் பள்ளியில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவன், முதல் ஏழு கர்மங்களையும் தள்ளிவிட்டுக் கடைசி அத்தியாயத்தை மட்டும் படித்தான். சேவலை அறுத்து, சாம்பலில் சக்கரம் கீறி, விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு மந்திரத்தைச் சொன்னான். நாலு நாளில் அவன் காதில் சீழ் வைத்தது. எத்திராஜுலு நன்றாகத்தான் இருந்தான். சேவல் தன்னுடையது என்பதால் மங்கம்மா அந்த வாரம் முழுவதும் திட்டினாள். குரு இல்லாமல் செய்தால் செய்தவனையே திருப்பி அடிக்கும் என்று புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தது. அதைக் கடைசியாகத்தான் படித்தான்.

குரு திருவொற்றியூர் மார்க்கெட்டில் கருவாடு விற்றுக்கொண்டிருந்தாள்.

குணசுந்தரி என்று பெயர். சிவந்தியின் வயதுதான் இருக்கும். அவள் அப்பன் மலையாளத்திலிருந்து வந்து தங்கிய மாந்திரீகன். தொழிலை மகளுக்குத் தந்துவிட்டுச் செத்தான். புருஷன் துறைமுகத்தில் பாரம் தூக்கும் வின்ச்சு ஓட்டுகிற ஒருவனைக் கத்தியால் குத்தித் தூக்கில் தொங்கினான். கொலை செய்தவனின் வீட்டுக்காரிக்குக் கொல்லத் தெரியாமலா இருக்கும் என்று சிவந்தி நினைத்தான். வாளைக் கருவாட்டின் தலையைக் கிள்ளிக்கொண்டே அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாரு சாவணும்?"

"எங்க மேஸ்திரி. என் தம்பிய மிசின்ல தள்ளிட்டான்."

"கத்தி கித்தி எடுத்தியா?"

"கொக்கி தீட்டி வெச்சிகிறேன்."

"அத வுட்டுடு. இன்னியோட இரும்பத் தொடாத. தொட்டா வந்த வழியே போயிடு, என் நேரத்தக் கெடுக்காத."

சொல்லிக்கொடுத்ததெல்லாம் உச்சிவெயிலில். சுடுகாட்டுக்குப் பின்னால், நிழலே இல்லாத மணலில். புற்றுமண்ணோடு, மில் தரையில் எத்திராஜுலுவின் காலடி பதிந்த எலும்புத் தூளைக் குழைத்து ஒரு முழ உயரத்துக்குப் பாவை செய்யச் சொன்னாள். மந்திரத்தைக் காதில் சொன்னாள். கருவாட்டு வாசனையோடு அது உள்ளே போயிற்று. எட்டி மரத்தில் சீவிய ஆணிகளை ஒரு துணியில் முடிந்து கொடுத்தாள்.

"அவன் உன்ன அடிப்பானா?"

"அடிக்காத நாளே கெடையாது."

"நல்லதாப் போச்சு. அவன் அடிக்கிற அடிதான் ஆணி. அடி வியும்போது கைய பின்னால கட்டிக்க. வாயத் தொறக்காத. உள்ளாற ஒரு வாட்டி மந்திரத்தச் சொல்லிக்க. உன் ஒடம்புல எங்க பட்டுதோ, பாவைல அதே எடத்துல ஓர் ஆணிய எறக்கு. பாவைல எடமே இல்லாமப் போற அன்னிக்கி அவன் இல்ல."

"நடுவுல கோவம் வந்துட்டா?"

"வரட்டும். கை வரக் கூடாது. அவம்மேல ஒரு வெரல் பட்டுதுன்னா, அத்தினி ஆணியும் உன் ஒடம்புல எறங்கும்."

மறுநாள் சிவந்தி கொக்கியைத் தொடவில்லை. வெறும் கையால் குவியலைப் பிரித்தான். சிம்புகள் உள்ளங்கையில் ஏறின. விரலிடுக்கெல்லாம் பழுத்து மஞ்சளாக வடிந்தது. சுவரில் சும்மா தொங்கிய கொக்கியை மங்கம்மா எடுத்துக்கொண்டாள். கொம்புக் கொட்டகையில் பெண்களுக்குக் கொக்கி கிடையாது. அவளுக்கு அது வசதியாகப் போயிற்று.

"இந்தா, கைய ஏன்யா இப்பிடிப் புண்ணாக்கிக்கினுகிற?"

"விரதம்."

"இன்னா விரதம்?"

சொன்னான். அவள் கேட்டுவிட்டு எலும்புத் தூளைத் துப்பினாள்.

"அடி வாங்க எதுக்குய்யா மந்திரம்? எங்கப்பன் மந்திரம் இல்லாமயே ஆயுசு பூரா வாங்குனான்."

முதல் அடி செவிட்டில் விழுந்தது. வழக்கமான அடிதான். ஆனால் சிவந்தி குனியவில்லை, முகத்தை மறைக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எத்திராஜுலுவின் கண்ணைப் பார்த்தான். எத்திராஜுலு அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு கொடுத்தான். மூன்று ஆணி. மத்தியானம் மணலில் உட்கார்ந்து அவற்றைப் பாவையின் தலையில் இறக்கியபோது, தம்பி செத்த பிறகு முதல் தடவையாக அவனுக்குப் பசி எடுத்தது.

பிறகு அடி போதவில்லை. எத்திராஜுலு சில நாள் படகுத் துறைக்குப் போய்விடுவான். சில நாள் அவனுக்கு வேறு ஆட்கள் கிடைத்துவிடுவார்கள். சிவந்தி தேடிப்போய் வாங்க ஆரம்பித்தான். கட்டி வைத்த மூட்டையை அவன் காலடியில் அவிழ்த்துக் கொட்டினான். கொம்பையும் தொடை எலும்பையும் வேண்டுமென்றே கலந்து வைத்தான். அவன் வெற்றிலை மடிக்கும்போது பக்கத்தில் நின்று தூளை உதறினான். தோல் வார் முதுகில் விழும். சட்டை கிழியும், பிறகு தோல் கிழியும். சிவந்தியின் உதடுகள் ஒட்டியே இருக்கும். ஒருநாள் செருப்புக் காலால் வாயில் உதைத்ததில் முன்பல் இரண்டு போயிற்று. பாவையின் வாயில் ஆணியை இறக்கும்போது தன் வாய் இரத்தம் அதன்மேல் ஒழுகியதைப் பார்த்து அவன் சிரித்தான். இன்னொரு நாள் எத்திராஜுலு தொடை எலும்பாலேயே அடித்தான். இடது காது அன்றோடு கேட்காமல் போயிற்று.

ஆட்களுக்கு இது வேடிக்கையாகிவிட்டது.

"இன்னா சாமி, இன்னிக்கிப் பூஜை ஆச்சா?"

"இல்லடா, மேஸ்திரிக்குக் கை நோவுதாம். சாமி போயி எண்ணெய் தேச்சி வுடப் போவுது."

மங்கம்மா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டில் அவன் முதுகுக்கு மஞ்சள் அப்புவாள். அப்போது ஒரு தடவை கேட்டாள்.

"உன் தம்பிக்காவத்தான செய்யிற?"

"ஆமா."

"எனக்கு இன்னாவோ நீ அடிக்கே ஆசப்படுறாப்புல கீது."

அது அவனுக்கும் தெரியவில்லை.

விவரமெல்லாம் சிவந்தியின் வாயாலேயே கேட்டிருந்த தமீம்தான் பொறுக்க முடியாமல் போய்ச் சொன்னான். நண்பனைக் காப்பாற்றத்தான் சொன்னான். ஒருநாள் படகுத் துறையில் எத்திராஜுலுவைத் தனியாகப் பிடித்தான்.

"மேஸ்திரி, அவன அடிக்காத. ஒனக்கு நல்லதில்ல."

"மெரட்டுறியாடா சோமாரி?"

"நான் மெரட்டல. நீ அடிக்கிற ஒவ்வொண்ணும் பாவைல ஆணியா எறங்குது. ஒன் காலடித் தூள்ல செஞ்ச பாவை. கருவாட்டுக்காரி குணசுந்தரி வேல அது. பாவை ரொம்பிச்சின்னா நீ காலி."

எத்திராஜுலு சிரிப்பான் என்று தமீம் எதிர்பார்த்தான். அவன் சிரிக்கவில்லை. நெற்றியில் வியர்வை பூத்தது. எட்டாம் நம்பர் கொட்டகையில் மாட்டு எலும்போடு மனித மண்டையோடு ஒன்று வந்தபோதே மில்லைப் பூட்டிப் பூசாரியைக் கூப்பிட்டவன் அவன். அன்று மாலை கையில் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டு வந்தான். அடுத்த நாளிலிருந்து சிவந்தி இருக்கும் பக்கமே திரும்பவில்லை.

சிவந்திக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆயிற்று. பாவையில் அநேகமாக இடமே இல்லை. தலை, முதுகு, கை, கால் எல்லாம் முள்ளம்பன்றி போல ஆணி. நெஞ்சில் மட்டும் ஒரு விரல் வைக்கிற அளவு மண் தெரிந்தது. ஓர் அடி போதும். நெஞ்சில் ஒரே ஓர் அடி. அதைக் கொடுக்க எத்திராஜுலு மறுத்தான். சிவந்தி மூட்டையைக் கொட்டினான். எத்திராஜுலு வேறு ஆளைக் கூப்பிட்டு அள்ளச் சொன்னான். சிவந்தி அவன் முகத்துக்கு நேரே காறித் துப்பினான். எத்திராஜுலு துண்டால் துடைத்துக்கொண்டு போய்விட்டான். மில் முழுவதும் இதைப் பார்த்தது. மேஸ்திரிக்குப் பயம் வந்துவிட்டது என்று ஆட்கள் முதலில் மெதுவாகவும் பிறகு காதுபடவும் பேசினார்கள். ஒருவன் அவனை எதிர்த்தே பேசினான். இன்னொருவன் அவன் பார்க்கப் பீடி பற்றவைத்தான்.

அன்று காலை வண்டி வந்து எல்லோரும் முற்றத்தில் இருந்தார்கள். கொம்பு பிரிக்கப் பெண்களும் வந்திருந்தார்கள். சிவந்தி போய் எத்திராஜுலுவின் முன்னால் நின்றான். சட்டை இல்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். நெஞ்சை நிமிர்த்தினான்.

"அடி."

"போய் வேலயப் பாரு."

"அடிங்கிறேன். எந்தம்பிய ஒதச்ச காலு கீதுல்ல? ஒதை."

"ஆம்பளயா இருந்தா அடி மேஸ்திரி," என்று கூட்டத்தில் ஒரு குரல். சிரிப்பு. பெண்கள் சிரித்தார்கள். எத்திராஜுலு சுற்றிப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அந்த முற்றத்தில் அவனைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. முகம் கறுத்தது. வாரைக் கையில் சுற்றினான். சிவந்தி கண்ணை மூடி மந்திரத்தைத் தயாராக வைத்துக்கொண்டான்.

வார் விழுகிற சத்தம் கேட்டது. அவன்மேல் விழவில்லை.

கண்ணைத் திறந்தான். கொம்புக் குவியலில் குனிந்திருந்த மங்கம்மாவின் முதுகில் விழுந்திருந்தது. அவள் நிமிர்வதற்குள் இன்னொன்று, கழுத்தில். எத்திராஜுலு அவள் தலைமுடியைப் பிடித்துச் சிவந்தியின் பக்கம் திருப்பினான்.

"உன்ன அடிச்சாத்தான ஆணி? இவள அடிச்சா இன்னாடா பண்ணுவ? அத எங்கடா குத்துவ, பேமானி?"

அடி முகத்தில் விழுந்தது. அடுத்தது மார்பில். மங்கம்மா கத்தவில்லை. சிவந்தியைப் பார்த்தாள்.

சிவந்தி நின்றான். கைகள் பின்னால் இருந்தன. அவிழ்க்க வேண்டும் என்று தோன்றியது. அவிழ்த்தால் எல்லா ஆணியும் போய்விடும். பல்லும் காதும் முதுகும் வீணாகிவிடும். தம்பி வீணாகிவிடுவான். மார்பில் விழுந்த அந்த அடி, பொண்டாட்டியின் மார்பு புருஷனின் நெஞ்சுதானே, ஒருவேளை அதுவே கடைசி ஆணியாக இருக்குமோ என்று கணக்குப் போட்டான். அவள் முகத்தில் இரத்தம் வழிவதைப் பார்த்துக்கொண்டே அந்தக் கணக்கைப் போட்டான். உள்ளே ஒரு தடவை மந்திரத்தைச் சொல்லவும் சொன்னான்.

மங்கம்மாவுக்கு விரதம் எதுவும் இல்லை. வலது கையில் கொக்கி இருந்தது.

கீழிருந்து மேலாக வீசினாள். எலும்பை இழுத்துப் பழகிய வீச்சு. முனை எத்திராஜுலுவின் தாடைக்குக் கீழே ஏறி வாய்க்குள் வந்தது. அவன் அவள் முடியை விட்டுவிட்டுக் கொக்கியைப் பிடித்தான். அவள் இரண்டு கையாலும் பிடியைப் பற்றி, குவியலிலிருந்து தொடை எலும்பை உருவுவது போலக் காலை ஊன்றி இழுத்தாள். கழுத்து ஒரு பக்கம் முழுவதும் பிளந்தது. இரத்தம் எலும்புத் தூளின்மேல் விழுந்து உடனே கறுத்தது. அவன் மண்டியிட்டு, அவள் காலைப் பிடிக்க வந்தவன் போல விழுந்தான். அவள் அதோடு நிறுத்தவில்லை. முதுகில் இரண்டு தடவை போட்டாள். பிறகு மூச்சு வாங்கக் கொம்புக் குவியலின்மேல் உட்கார்ந்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. சிவந்தியின் கைகள் இன்னும் பின்னால்தான் இருந்தன.

போலீஸ் வருவதற்குள் அவன் மணலில் புதைத்து வைத்திருந்த பாவையைத் தோண்டி எடுத்துக்கொண்டு திருவொற்றியூருக்கு ஓடினான். மார்க்கெட் கலைகிற நேரம். குணசுந்தரி மீதிக் கருவாட்டைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பாவையை அவள் முன்னால் வைத்தான்.

"செத்துட்டான். மந்திரந்தான கொன்னுச்சு? டேசனுக்கு வந்து சொல்லு. எம்பொண்டாட்டி இல்ல, மந்திரம்னு சொல்லு."

கூடை அவள் கையிலிருந்து சரிந்தது.

"செத்துட்டானா?"

"நீதான சொன்ன, செத்துருவான்னு?"

"எப்பிடிடா செத்தான்? எப்பிடிச் செத்தான் சொல்லு!"

அவள் முகத்தைப் பார்த்த உடனே சிவந்திக்குப் புரிந்துவிட்டது. சொன்ன மந்திரம் பலித்தவளின் முகம் அது இல்லை. நடந்ததைச் சொன்னான். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதுவரைக்கும் ஒருத்தனும் சாவலடா. எங்கிட்ட ஆணி வாங்குனவன் எத்தினியோ பேரு. பத்துப் பாஞ்சி அடிலயே ஆத்திரம் அடங்கி அவனவன் வூட்டுக்குப் போயிடுவான். வேற வேல தேடிக்குவான். எம்புருசன் கத்திய எடுத்தப்போ அவங்கையில இப்பிடி ஒண்ணத்தக் குடுத்து நிறுத்த ஆளில்ல. அதுக்குத்தான் குடுத்தேன். நீ ஒருத்தன்தான் தேடித் தேடிப் போயி வாங்குன."

"பொய் சொல்லி என்னக் கட்டிப் போட்டியா?"

"உன்னத்தான் கட்டுனேன். உம்பொண்டாட்டிய மறந்துட்டேன்."

அவன் அவளை அடித்தான். மாதக்கணக்கில் பின்னால் கட்டியிருந்த கை முன்னால் வந்து அவள் வாயில் விழுந்தது. அவள் பதிலுக்குத் தராசுத் தட்டைத் தூக்கி அவன் நெற்றியில் போட்டாள். இருவரும் கருவாட்டின்மேல் உருண்டார்கள். பாவை அடியில் சிக்கி நொறுங்கி, எட்டி ஆணிகள் சந்தைச் சேற்றில் சிதறின. மார்க்கெட் ஆட்கள் வந்து பிரித்தபோது அவள் உதடு கிழிந்து தொங்கியது. அவனுடைய வாயில் அவள் தலைமுடி இருந்தது.

"இந்தக் கைய காலைல காட்டியிருந்தா," என்றாள் இரத்தத்தைத் துப்பிவிட்டு.

போலீஸ் ஸ்டேஷனில் மங்கம்மா கம்பிக்குள் உட்கார்ந்திருந்தாள். முகம் ஒரு பக்கம் வீங்கிக் கண் மூடியிருந்தது. தமீமும் மில் ஆட்களும் சாட்சி சொல்ல வந்து சுவரோரம் நின்றிருந்தார்கள். சிவந்தி நேராக இன்ஸ்பெக்டரின் மேஜைக்குப் போனான்.

"நான்தான் சார் போட்டேன். கொக்கி என்னுது. பிடியப் பாருங்க, எம்பேரு செதுக்கிகீது."

இன்ஸ்பெக்டர் கொக்கியைத் திருப்பிப் பார்த்தார். பெயர் இருந்தது. சாட்சிகள் பக்கம் திரும்பினார்.

"என்னய்யா, இவன் போட்டானா?"

தமீம் முன்னால் வந்து, "அவன்தான் சார்," என்றான். இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து அவனை ஓர் அறை விட்டார்.

"எல்லாரும் ஏற்கெனவே ஒரே மாதிரி சொல்லியாச்சு. நீ மட்டும் இப்ப மாத்துறியா? இவன் அப்ப என்ன பண்ணிக்கிட்டிருந்தான், நடிச்சுக் காட்டு."

தமீம் அழுதான். அழுதுகொண்டே கைகளைப் பின்னால் கட்டி, நெஞ்சை நிமிர்த்தி நின்று காட்டினான். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

"அசையலியா?"

"அசையல சார்."

இன்ஸ்பெக்டர் சிவந்தியின் வலது கையைப் பிடித்து விரித்தார். உள்ளங்கை முழுவதும் சிம்புப் புண். காய்ப்பே இல்லை, சீழ்தான் இருந்தது. கம்பிக்குள் இருந்த மங்கம்மாவின் கையையும் நீட்டச் சொன்னார். கொக்கிப் பிடி அழுத்திய இடத்தில் தோல் தடித்து மினுங்கியது.

"இதுல எது கொக்கி புடிக்கிற கை? கூட்டிட்டுப் போங்கய்யா இவன."

"நான்தான் சார்! எந்தம்பியக் கொன்னான் சார், நான்தான் கொன்னேன்!"

மங்கம்மா தலையைத் தூக்கினாள். நல்ல கண்ணால் அவனைப் பார்த்தாள்.

"கத்தாதய்யா. எல்லாரும் பாத்தாங்க, நீ ஒண்ணும் செய்யல. வூட்டுக்குப் போ. அடுப்பு மேல கஞ்சி கீது."

அவன் கம்பியைப் பிடிக்கப் போனான். இத்தனை நாள் தொடாத இரும்பு. தொடுவதற்குள் ஏட்டு பின்னால் வந்து லத்தியை அவன் முதுகில் இறக்கினார். சிவந்தியின் கைகள் தாமாகவே பின்னால் போய்க் கட்டிக்கொண்டன. வாய் மூடிக்கொண்டது. உள்ளே மந்திரம் ஒரு தடவை ஓடி முடிந்தது. ஆணி இறக்கப் பாவை இல்லை. ஏட்டு இன்னொன்று போட்டார்.